எல்லா மங்கலும் வெள்ளை அல்ல

யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கம் யாருக்காவது கண் மங்கினால் முதலில் வரும் பேச்சு, "வெள்ளை விழுந்திட்டுது" என்பதுதான். அடுத்த பேச்சு, "முத்தட்டும், பிறகு வெட்டலாம்." இந்த இரண்டு பேச்சையும் நம்பியதால் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் பல வருடங்களை இழந்தார்கள்.

ஒருவர் என் உம்மா. அவருக்கு வந்தது வெள்ளைதான். வெட்ட வேண்டிய காலத்தில் வெட்டாமல் நாலு வருடம் அரை இருட்டில் இருந்தார். மற்றவள் என் சாச்சியின் மகள். எனக்குத் தங்கை முறை. அவளுக்கு வந்தது வெள்ளையே அல்ல. அவளுடைய கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. மூளைக்கு அடியில் இருந்த ஒரு சிறிய கட்டி, ஓர் ஓமோனை அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டு, பார்வை நரம்பையும் அழுத்திக்கொண்டிருந்தது.

நான் வைத்தியன் அல்ல. புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு பேரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் வைத்தியர்களிடம் கேட்டதையும், வெளியான ஆய்வுகளில் படித்ததையும் எழுதுகிறேன். தங்கையிடம் கேட்டு, அவள் "எழுதுங்க நானா, பேர் மட்டும் போடாதீங்க" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

மருத்துவத்தைத் தமிழில் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார். பிற்காலத்தில் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' என்ற நூல் 1867இல் அவர் முயற்சியில் தமிழில் வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தமிழில் சொல்ல முடிந்ததை இன்று நாம் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல.

உம்மும்மாவின் கண்ணாடி

உம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது உம்மும்மாவின் கண்ணாடி.

எழுபதுகளின் கடைசியில் உம்மும்மாவுக்கு வெள்ளை வெட்டினார்கள். அந்தக் காலத்து முறை, கண்ணின் வில்லையை அதன் பையோடு முழுதாக வெளியே எடுத்துவிடுவது. எடுத்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. வில்லை இல்லாத கண் ஒளியைக் குவிக்காது. ஆகவே சோடாப் போத்தல் அடிபோல் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். அதைப் போட்டால் பொருட்கள் நாலில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும், பக்கத்தில் ஒரு வளையம் அளவுக்கு ஒன்றுமே தெரியாது. உம்மும்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கப் போய்க் கை தவறிக் காற்றைப் பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நாள். வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. லொறியில் ஏறிய நெரிசலில் உம்மும்மாவின் கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது. வெட்டிய கண், கண்ணாடி இல்லாமல் குருட்டுக் கண். புத்தளத்தில் வேறு கண்ணாடி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அந்த மனுசி ஓலைக் கொட்டிலின் கம்பைப் பிடித்துக்கொண்டு, "என்ர வீட்டு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி இருந்தார்.

இதைப் பார்த்த உம்மா, கண்ணை வெட்டினால் இதுதான் கதி என்று முடிவு கட்டிவிட்டார். நாங்கள் 2011இல் ஊர் திரும்பியபோது அவருக்கே வெள்ளை விழத் தொடங்கியிருந்தது. "முத்தட்டும் மகன்" என்று தள்ளிப்போட்டார்.

ஊசியில் தொடங்கிய வேலை

வெள்ளை, அதாவது கண்புரை, கண்ணின் மேல் படரும் படலம் அல்ல. கருவிழிக்குப் பின்னால் உள்ள வில்லை பளிங்குத் தன்மை கெட்டு மங்குவதுதான் அது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் எப்படி ஒளி புகாமல் போகிறதோ அப்படி. எந்தச் சொட்டு மருந்தும் வெந்த கருவைப் பச்சைக் கருவாக்காது. மங்கிய வில்லையை எடுப்பதே வழி.

பழங்காலத்தில் அதை எடுக்கவில்லை, தள்ளினார்கள். ஊசியைக் கண்ணுக்குள் விட்டு மங்கிய வில்லையைக் கீழே அமுக்கிவிடுவார்கள். சுசுருதர் பெயரிலான சமஸ்கிருத நூலில் இந்த முறை இருக்கிறது. வெளிச்சம் கிடைக்கும், ஆனால் அமுக்கிய வில்லை உள்ளேயே கிடந்து அழற்சி உண்டாக்கிப் பல கண்களைக் கெடுத்தது. மொசூலில் பிறந்து, பாத்திமி கலீபா ஹாகிமின் காலத்தில் (996–1021) எகிப்தில் வைத்தியம் செய்த அம்மார் இப்னு அலீ, உட்துளை உள்ள உலோக ஊசியால் மென்மையான வெள்ளையை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தன் நூலில் எழுதிவைத்தார். உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் வைத்தியர் ஒருவருக்கு இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

எடுத்த வில்லைக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம் என்பது 1949இல் லண்டனில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய விமானக் கண்ணாடியின் பிளாஸ்ரிக் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றிருப்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, அதே வகைப் பொருளில் வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தார். 1967இல் அமெரிக்கரான சார்ள்ஸ் கெல்மன், பல் வைத்தியரின் அதிர்வுக் கருவியைப் பார்த்து, செவிக்கெட்டாத ஒலியலையால் வில்லையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் 'ஃபேக்கோ' முறையைக் கொண்டுவந்தார்.

உம்மும்மாவுக்கு வெட்டிய காலத்தில் இவை எல்லாம் உலகில் இருந்தன. ஏழைகளிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சீட்டுக் குலுக்கிப் பார்த்த உண்மை

இன்று நம் பக்கத்தில் செய்யப்படும் முறைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஃபேக்கோ: 2 முதல் 3 மில்லிமீற்றர் வெட்டு, ஒலியலைக் கருவி, மடித்து உள்ளே விடும் வில்லை. மற்றது சிறுவெட்டு முறை: வெள்ளை விழியில் 6 முதல் 7 மில்லிமீற்றர் சுரங்கம்போல் வெட்டி, வில்லையைக் கையாலேயே வெளியே எடுத்து, புது வில்லை வைப்பது. சுரங்கம் சாய்வாக இருப்பதால் கண்ணின் உள்அழுத்தமே அதை மூடிக்கொள்ளும். வழக்கமாகத் தையல் தேவைப்படாது. பெரிய இயந்திரமும் வேண்டாம், செலவும் குறைவு.

"குறைந்த செலவு எண்டால் குறைந்த பார்வைதானே?" இது நான் பள்ளிவாசல் முற்றத்தில் பலமுறை கேட்ட கேள்வி. வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் கொழும்பில் ஃபேக்கோ. இல்லாவிட்டால் "ஏதோ கவர்மெண்டில வெட்டினது" என்ற தாழ்வு. இந்தக் கேள்விக்கு விடை ஊகத்தில் இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அளக்கும் முறை எளியது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்கள். யாருக்கு எந்த முறை என்பதை வைத்தியரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. அப்படிச் செய்தால்தான் காசுள்ளவர், இளையவர், கண் நல்லாக இருப்பவர் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து முடிவைக் கோணலாக்க முடியாது. பிறகு இரு பக்கத்தவரும் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று எண்ணுவார்கள்.

நேபாளத்தில் 108 பேரை வைத்து இப்படி ஓர் ஆய்வு நடந்தது, 2007இல் வெளியானது. சிறுவெட்டு முறையில் கைதேர்ந்த சந்துக் ருயித் ஒரு பக்கம், ஃபேக்கோவில் கைதேர்ந்த அமெரிக்க வைத்தியர் டேவிட் சாங் மறுபக்கம். நல்ல கண் 18 மீற்றரில் நின்று படிக்கும் எழுத்தை 6 மீற்றரில் நின்றாவது படிக்க வேண்டும் என்பது அளவுகோல். ஆறு மாதத்தில், கண்ணாடி இல்லாமலே அதைப் படித்தவர்கள் ஃபேக்கோவில் நூற்றுக்கு 85, சிறுவெட்டில் நூற்றுக்கு 89. கண்ணாடி போட்டால் இரண்டிலும் நூற்றுக்கு 98. ஃபேக்கோவுக்குச் சராசரியாகப் பதினைந்தரை நிமிடம் சென்றது. சிறுவெட்டு ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.

ஒரே ஆய்வை நம்பிவிடக் கூடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்லியவன் நான். இந்தியாவின் புனேயில் 400 பேரை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறது. ஆறு வாரத்தில், கண்ணாடி இல்லாமல் அதே அளவு எழுத்தைப் படித்தவர்கள் ஃபேக்கோவில் நூற்றுக்கு 81, சிறுவெட்டில் 71. அங்கே ஃபேக்கோ முந்தியது. ஆனால் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டும் 98.4இல் வந்து நின்றன. கை வேறு, காலம் வேறு என்பதால் கண்ணாடியில்லாப் பார்வையில் வித்தியாசம் வருகிறது. சின்ன வெட்டு கருவிழியின் வளைவைக் குறைவாக மாற்றும் என்பதும் உண்மைதான். ஒரு சாதாரணக் கண்ணாடி அந்த வித்தியாசத்தை நிரப்பிவிடுகிறது. கவர்மெண்டில் வெட்டிய கண் தாழ்ந்த கண் அல்ல.

உம்மும்மாவின் கதைக்கும் ஓர் ஆய்வு விடை சொல்லியிருக்கிறது. வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு கட்டிலோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 3400 பேரைப் பிரித்து, பழைய முறையும் தடித்த கண்ணாடியும் ஒரு பக்கம், கண்ணுக்குள் வில்லை மறுபக்கம் என்று ஒப்பிட்டார்கள். 1998இல் முடிவு வந்தது. வில்லை வைத்தவர்களின் பார்வையும் அன்றாட வாழ்வும் மேலாக இருந்தன. 1992இலிருந்தே அந்த மருத்துவமனையின் அவ்ரோலேப் வில்லையை உள்ளூரில் செய்து விலையைப் பல மடங்கு குறைத்திருந்தது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெரிசலில் விழாது, லொறியில் தொலையாது. இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு உம்மும்மாவின் நினைவுதான் வந்தது.

"சீழ் பிடிச்சால் கண் போயிடும்" என்ற பயம் பொய்யல்ல. கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வை போகலாம். எவ்வளவு பேருக்கு? அரவிந்தில் 6,17,453 சத்திரசிகிச்சைகளை எண்ணிப் பார்த்தார்கள். முடிக்கும்போது கண்ணுக்குள் மொக்சிஃபுளோக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்து விடாதவர்களில் 3,02,815 பேருக்கு 214 பேர். விட்டவர்களில் 3,14,638 பேருக்கு 64 பேர். அதாவது பத்தாயிரத்துக்கு ஏழு என்பது பத்தாயிரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. பயத்துக்கு அளவு தெரிந்தால் அது பயமாக இருக்காது, கவனமாக மாறும்.

"முத்தட்டும்" என்ற பேச்சு பழைய முறைக்குரியது. முழு வில்லையையும் வெளியே இழுத்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று முற்றிக் கல்லான வில்லைதான் வைத்தியருக்குக் கஷ்டம். அளவு கடந்து முற்றினால் வில்லை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தைத் திடீரென்று கூட்டிவிடும். கண் சிவந்து, தாங்க முடியாத வலி வரும். அந்த அழுத்தம் நரம்பைக் கெடுத்துவிட்டால் பிறகு வெட்டியும் பலன் இல்லை. சமைக்க, குர்ஆன் ஓத, ரோட்டில் நடக்கக் கஷ்டம் வருகிறதா? அதுதான் காலம்.

வுழூவும் சுஜூதும்

உம்மா கடைசியாகப் பிடித்துக்கொண்ட காரணம் தொழுகை. "முகத்தில தண்ணி படக்கூடாதாம், குனியக் கூடாதாம். நான் எப்படித் தொழுவன்?"

இதுவும் பழைய கேள்வி. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களுக்குப் பார்வை மங்கியபோது, சில நாட்கள் படுத்தபடியே தொழுதால் வைத்தியம் செய்யலாம் என்று சொல்லப்பட்டதாகவும், அவர்கள் அதை ஏற்கவில்லை என்றும் அறிவிப்பு உண்டு. ஆனால் நம் மத்ஹபின் இமாம் நவவி அவர்கள் 'ரவ்ழதுத் தாலிபீனில்' இந்தப் பிரச்சினையையே எடுத்து, படுத்துத் தொழாவிட்டால் பார்வை போகும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் அப்படித் தொழுவது கூடும் என்பதே வலுவான கருத்து என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் மஹல்லா மவ்லவி உம்மாவுக்கு இதை விளக்கினார்.

இன்றைய சிகிச்சைக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. உம்மா அன்றே வீட்டுக்கு வந்தார். வைத்தியர் சொன்ன நாள்வரை கதிரையில் இருந்து சைகையால் தொழுதார். முகம் கழுவுவதற்கு என்ன செய்வது என்பதை மவ்லவியிடம் கேட்டு நடந்தார். எத்தனை நாள் என்பது கண்ணுக்குக் கண் மாறும்; வெட்டிய வைத்தியரிடம் கேளுங்கள். ரமழானில் சொட்டு மருந்தை நிறுத்துபவர்களையும் கண்டிருக்கிறேன். சுருமா இடுவது நோன்பை முறிக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. சொட்டு மருந்தையும் ஆலிம்கள் அதன்படியே விளக்குகிறார்கள். மருந்தை நிறுத்துவதால்தான் ஆபத்து.

2014இல் கட்டு அவிழ்த்த அன்று உம்மா என்னைப் பார்த்து முதலில் சொன்னது: "உனக்கு இவ்வளவு நரைச்சிட்டுதா, மகன்?" பிறகு சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு வருசம்" என்றார்.

கிளினிக்கில் ஒரு தள்ளுவண்டி

உம்மாவை மறுபரிசோதனைக்குக் கொண்டுபோன நாளில் துணைக்கு வந்தவள் சாச்சியின் மகள். வயது 34. கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. தலையிடி அவளோடு பிறந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வருடத்தில் இரண்டு தரம் கண்ணாடி மாற்றியிருந்தாள். "உனக்கும் வெள்ளை விழுகுதோ தெரியேல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஐந்து சந்தியில் பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் முட்டுப்பட்டாள். கதவு நிலையில் தோள் இடிக்கும். "கவனமில்லாத பிள்ளை" என்ற பெயர் எடுத்தாள்.

கிளினிக் அறைக்குள் நுழையும்போது பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியில் இடித்தாள். மருந்துத் தட்டு விழுந்தது. உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "பிள்ளை, அந்த வண்டி உங்களுக்குத் தெரியேல்லையா?"

அவளை எதிரில் இருத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "என்ர மூக்கைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் விரலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் மூக்கின் நேருக்கு வரும்வரை அவள் "தெரியேல்ல" என்றாள். மற்றக் கண்ணிலும் அப்படியே, மறுபக்கம். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி இல்லை. குதிரைக்குக் கண்மூடி கட்டினதுபோல் அவள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். உம்மாவும் ஒரு தாதியும் உள்ளே இருந்தார்கள். பிறகு உம்மா சொல்லித்தான் தெரியும். மூன்று கேள்விகள். தலையிடி எவ்வளவு காலம்? ஹைழ் ஒழுங்காக வருகிறதா? மார்பில் பால் கசிகிறதா?

ஹைழ் நின்று இரண்டு வருடம். பால் கசிந்து அதைவிடக் கூடுதல். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெறாதவளுக்குப் பால் வருகிறது என்று யாரிடம் சொல்வது? இரண்டு ரமழானிலும் ஒரு நோன்பு விடாமல் முழுவதும் பிடித்திருக்கிறாள். "மாஷா அல்லாஹ், களாவே இல்லாமல் பிடிச்சிட்டா" என்று வீட்டில் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு அவள் சும்மா இருந்திருக்கிறாள்.

துருக்கிச் சேணத்தில் ஒரு கட்டி

மூக்கின் மேற்பகுதிக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், சேணம்போல் ஒரு குழி இருக்கிறது. உடற்கூற்றில் அதற்குப் பெயரே துருக்கிச் சேணம். அதில் பட்டாணிக்கடலை அளவில் இருப்பது கபச்சுரப்பி. உடம்பின் பல ஓமோன்களுக்கு அதுதான் மேற்பார்வையாளர். அது சுரப்பவற்றில் ஒன்று புரொலக்டின். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் செய்வது.

பாலூட்டும் காலத்தில் பல தாய்மாருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதை அறிவோம். புரொலக்டின் கூடினால் முட்டை முதிர்வதற்கான கட்டளை குறையும். கபச்சுரப்பியில் புரொலக்டினை மட்டும் சுரக்கும் ஒரு கட்டி வந்தால், பிள்ளை பெறாத உடம்பும் தன்னைப் பாலூட்டும் உடம்பாக எண்ணிக்கொள்ளும். பால் கசியும், ஹைழ் நிற்கும், கரு தங்காது. இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல என்றே எடுத்துக்கொள்ளலாம்; புற்றாக இருப்பது மிக மிக அரிது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்குத் தாம்பத்திய நாட்டம் குறைவதுதான் முதல் அறிகுறி. அதையும் யாரும் சொல்வதில்லை. ஆகவே ஆண்களில் கட்டி பெரிதான பிறகே பிடிபடுகிறது.

கண்ணுக்கு இதில் என்ன வேலை? சேணத்துக்கு நேர் மேலேதான் இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்தித்து, பாதி இழைகள் பக்கம் மாறுகின்றன. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்க விழித்திரையில் இருந்து வரும் இழைகளே அங்கு குறுக்காகப் போகின்றன. அவை பார்ப்பது வெளிப்பக்க உலகத்தை. கட்டி 10 மில்லிமீற்றரைத் தாண்டி மேல் நோக்கி வளர்ந்தால் அந்தச் சந்தியை அடியிலிருந்து தள்ளும். குறுக்கு இழைகள் நசியும். வெளிப்பக்கப் பாதி இரண்டு கண்ணிலும் மறையும். நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாக இருக்கலாம். அதனால்தான் கண்ணாடிக் கடையின் எழுத்துப் பலகையை அவள் ஓரளவு படித்துவிட்டாள்.

இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிரில்' இரு கண்ணின் நரம்புகளும் ஒன்று சேரும் அந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இரு கண் பார்த்தவையும் ஒன்றாவது அங்கேதான் என்று கருதினார். 1083இல் அந்த நூலைப் பிரதி எடுத்தவர் வரைந்த படம் இன்றும் இஸ்தான்புல்லில் இருக்கிறது: இரண்டு கண், இரண்டு நரம்பு, நடுவில் ஒரு சந்தி. என் தங்கையின் ஸ்கான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தச் சந்தியைத்தான் வைத்தியர் பேனையால் தொட்டுக் காட்டினார்.

கத்தி இல்லாத சிகிச்சை

மூளையடியில் கட்டி என்றதும் சாச்சி தரையில் இருந்துவிட்டார். நானும் மண்டையைத் திறப்பார்கள் என்றே நினைத்தேன். கபச்சுரப்பியில் வரும் மற்றக் கட்டிகள் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சைதான். புரொலக்டின் கட்டி இதில் விதிவிலக்கு. நரம்பை அழுத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தாலும் முதல் சிகிச்சை குளிசை. மூளையில் இருந்து வரும் டோபமின் என்ற பொருள்தான் இயல்பாகப் புரொலக்டினை அடக்கி வைக்கிறது. அதைப்போல வேலை செய்யும் மருந்து கொடுத்தால் சுரப்பும் குறையும், கட்டியும் சுருங்கும்.

இதையும் சீட்டுக் குலுக்கி அளந்திருக்கிறார்கள். 1994இல் வெளியான ஆய்வில் புரொலக்டின் கூடி ஹைழ் நின்ற 459 பெண்கள். பழைய மருந்தான புரோமோகிரிப்டீன் பெற்ற 236 பேரில் 138 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 59 பேருக்கு, ஓமோன் இயல்புக்கு வந்தது. புது மருந்தான கபேர்கோலின் பெற்ற 223 பேரில் 186 பேருக்கு, நூற்றுக்கு 83 பேருக்கு. புதியதைக் கிழமைக்கு இரண்டு தரம் எடுத்தால் போதும், குமட்டலும் குறைவு.

பால் கசிந்தால் எல்லாம் கட்டி என்று பயப்பட வேண்டாம். தைரொயிட் குறைந்தாலும், வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் புரொலக்டின் கூடும். முதல் படி ஓர் இரத்தப் பரிசோதனைதான். குளிசை தொடங்கியவர்கள் நல்லாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. கரு தங்கினால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நீண்ட காலம் கூடிய அளவில் எடுப்பவர்களுக்கு இருதய வால்வைப் பரிசோதிப்பதும் உண்டு.

தங்கை குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை, குசினியில் நின்றுகொண்டு, "சாச்சி, கதவடியில யாரோ நிக்கிறாங்க" என்று உம்மாவிடம் சொன்னாளாம். அவள் முகம் அடுப்பைப் பார்த்தபடி இருந்தது. ஓரப் பார்வை திரும்பத் தொடங்கியதை உம்மா அப்படித்தான் அறிந்தார். நாலு மாதத்தில் ஹைழ் வந்தது. அடுத்த ரமழானில் அவளுக்கு ஆறு நோன்பு களா. அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

பிள்ளை பிறந்ததா என்று கேட்பீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. ஒன்பது வருடம் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். "தலை இடிக்குதா, கண் தெரியுதா, உடம்பில என்ன செய்யுது?" என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. கேட்டிருந்தால் அவளுடைய பார்வை அவ்வளவு தூரம் போயிருக்காது.

ஆகவே வீட்டில் யாருக்காவது கண் மங்கினால் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். வெள்ளையாக இருந்தால் பத்து நிமிட வேலை. முத்தும்வரை காத்திருக்க வேண்டாம். சீனி வருத்தமாக இருக்கலாம், கண் அழுத்தமாக இருக்கலாம். இரண்டும் காத்திருந்தால் திரும்பாதவை. பக்கத்தில் இருப்பது தெரியாமல் இடிபடுகிறவரைக் கவனமில்லாதவர் என்று ஏசாதீர்கள். எதிரில் இருத்தி, உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி, விரலை ஓரத்திலிருந்து கொண்டுவாருங்கள். ஒரு நிமிடம் போதும். தெரியவில்லை என்றால் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்ணாக இருந்தால், அவள் மனம் விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெண்ணையும் கூட அனுப்புங்கள்.

உம்மா இப்போது ஒவ்வொரு நாளும் பஜ்ருக்குப் பிறகு குர்ஆனைத் தன் கண்ணால் பார்த்து ஓதுகிறார். தங்கை பக்கத்தில் இருந்து ஓதுவாள். அல்ஹம்துலில்லாஹ்.